வரப்பு மரம் விறகு இல்லை! கடைசல் மரத்துக்கு உரிய விலை கேட்போம்!



நெல்லுக்கு விலை கேட்டோம். வாழை சாய்ந்தபோது நிவாரணம் கேட்டோம். கார் சாகுபடிக்குக் கால்வாயில் தண்ணீர் திறக்கச் சொல்லி ரோட்டில் உட்கார்ந்தோம். ஆனால் நம்ம வரப்பில் நிற்கும் மரத்தைப் பற்றி இதுவரை ஒரு கூட்டத்திலாவது வாய் திறந்தோமா? திறக்கவில்லை. மரம்தானே, நிழலுக்கு நிற்கட்டும், காசுமுடை வந்தால் புரோக்கரைக் கூப்பிட்டுத் தள்ளிவிடலாம் என்று இருந்துவிட்டோம். அந்த அசட்டையால் நாம் இழந்தது கொஞ்சநஞ்சமல்ல. அதைச் சொல்லத்தான் இந்தப் பிரசுரம்.

பிசான அறுவடை முடிந்தால் ஊருக்குள் லாரி வரும். புரோக்கர் இறங்குவார். மரத்தை அண்ணாந்து பார்ப்பார், ஒரு ரூபாய் சொல்வார். அளவு கிடையாது, கணக்கு கிடையாது. வேம்பு, வாகை, புளி, பூவரசு, வெட்பாலை, மஞ்சக்கடம்பு எல்லாம் ஒரே லாரியில் ஏறும். எடை மேடையில் டன் கணக்கு. பாதி செங்கல் சூளைக்கு, மீதி எங்கே போகிறது என்று நமக்குத் தெரியாது. முப்பது வருஷம், அம்பது வருஷம் நின்ற மரம் ஒரே நாளில் விறகு!

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது என்பார்கள். மரம் வளர்த்தவன் கணக்குப் பார்த்தால் சாம்பல்கூட மிஞ்சவில்லை!

கடைசல்காரர் தேடும் மரம் எங்கே இருக்கிறது?

அம்பாசமுத்திரம் சொப்புச் சாமான் தெரியாதவர் நம்ம பக்கம் யாரும் இல்லை. நம்ம பெண்பிள்ளைகள் கூட்டாஞ்சோறு ஆக்கி விளையாடிய அடுப்பு, குடம், உரல் எல்லாம் மரத்தில் கடைந்தவை. கட்டையைக் கடைசல் பட்டறையில் ஏற்றிச் சுழலவிட்டு, உளி பிடித்து உருவம் எடுத்து, சுற்றுகிற கட்டையிலேயே அரக்குச் சாயம் ஏற்றி மினுக்கி எடுப்பார்கள். அந்தச் சொப்புக்கு 2025ல் புவிசார் குறியீடு கிடைத்தது. சந்தோஷம். ஆனால் குறியீட்டுக் காகிதத்தைப் பட்டறையில் ஏற்றிக் கடைய முடியுமா? மரம் வேண்டாமா?

அந்தக் காலத்தில் மஞ்சக்கடம்பில் கடைந்தார்கள். மஞ்சள் நிறம், ஒரே சீரான இழை, உளிக்கு வழுவழுவென்று இணங்கும். இன்று தைலமரம், ரப்பர் மரம் என்று கிடைத்த கட்டையைக் கடைகிறார்கள். கேட்டால், "நல்ல மரம் எங்கே அண்ணாச்சி கெடைக்கி?" என்கிறார்கள். நல்ல மரம் சூளையில் எரிகிறது. இதுதான் பதில்!

கர்நாடகத்தில் சென்னபட்டணா பொம்மை, ஆந்திராவில் ஏட்டிகொப்பாகா பொம்மை. இரண்டும் உலகம் முழுக்க விற்கிறது. இரண்டுக்கும் என்ன மரம் தெரியுமா? நம்ம வெட்பாலை! தந்தம் போல வெளுத்த, நெருங்கிய இழை கொண்ட மரம். அங்கே அது பொம்மைக்குப் போகிறது. இங்கே நாம் அதை வேலிக்கம்பாகவும் விறகாகவும் வைத்திருக்கிறோம்.

தஞ்சை ஜில்லா நரசிங்கம்பேட்டையில் நாகசுரம் செய்கிறார்கள். 2022ல் அதற்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு ஆச்சா மரம் வேண்டும். அதுவும் வைரம் பாய்ந்து, பல வருஷம் காய்ந்த மரமாக இருக்க வேண்டும். எங்கே கிடைக்கிறது? பழைய வீடு இடிக்கிற இடத்தில் விட்டமும் தூணும் தேடி வாங்குகிறார்கள். கல்யாணத்துக்குக் கல்யாணம் ஒலிக்கிற நாகசுரம், இடிந்த வீட்டை நம்பி இருக்கிறது!

ஒரு பக்கம் மரம் இல்லாமல் தொழிலாளி தவிக்கிறான். இன்னொரு பக்கம் மரத்துக்கு விலை இல்லாமல் விவசாயி தவிக்கிறான். நடுவில் இருக்கிறவன் மட்டும் மாடி கட்டுகிறான். இது எப்படி நடக்கிறது?

என் மரத்துக்கு நடந்தது

ஊர்க் கதை பேசவில்லை, என் கதையையே சொல்கிறேன். எங்கள் தாத்தா காலத்து மஞ்சக்கடம்பு ஒன்று வாய்க்கால் கரையை ஒட்டி எங்கள் பட்டா நிலத்தில் நின்றது. ஒரு ஆனி மாசக் காற்றில் வேரோடு சாய்ந்தது. நான் வெட்டவில்லை, காற்று தள்ளியது. அடிமரம் சுற்றளவு அஞ்சு அடி, நேரான நீளம் பன்னிரண்டு அடி.

கேள்விப்பட்டு ஒரு கடைசல்காரர் பஸ் ஏறி வந்தார். கட்டையைத் தட்டிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார். "அண்ணாச்சி, இத வெறகுக்குப் போட்டுறாதீங்க. இப்படி ஒரு கட்டை கண்ணுல பட்டுப் பல வருஷம் ஆச்சு. கன அடிக் கணக்குல நான் எடுத்துக்கிடுதேன். கொண்டு போறதுக்குச் சீட்டு மட்டும் வாங்கித் தந்துருங்க. வழியில மறிச்சா என்னால பதில் சொல்ல முடியாது" என்றார். அவர் சொன்ன விலை விறகு விலையைப் போலப் பல மடங்கு. மனசு குளிர்ந்து போனது.

சீட்டுக்கு அலைந்தேன். ஒரு அலுவலகத்தில் சிட்டா, அடங்கல் கேட்டார்கள். கொண்டு போனேன். "அடங்கல்ல இந்த மரம் ஏறலியே, உங்க மரம்னு எப்படி நம்ப?" என்றார்கள். என் நிலத்தில் கிடக்கிற மரத்துக்கு நானே சாட்சி தேட வேண்டியதாகிவிட்டது. அடுத்த அலுவலகத்தில் வரைபடம். அதற்கடுத்து நேரில் பார்வை. பார்க்க வேண்டியவர் விடுப்பில். அவர் வந்ததும் தேர்தல் வேலை. நான் சங்கச் செயலாளர், மனு எழுதத் தெரிந்தவன், நாலு பேரைத் தெரிந்தவன். எனக்கே இந்தக் கதி என்றால் கைநாட்டு வைக்கிற விவசாயி கதி என்ன?

ஏழு மாதம் ஓடியது. மழையில் நனைந்து வெயிலில் காய்ந்து இரண்டு முனையும் வெடித்தது. உள்ளே நீலம் பாய்ந்தது. வண்டு துளைத்து மாவு கொட்டியது. கடைசல்காரர் மறுபடி வந்து பார்த்து, கட்டையைத் தடவிக் கொடுத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் பஸ் ஏறினார். அந்த முகத்தை இன்னும் மறக்க முடியவில்லை.

கடைசியில் புரோக்கர்தான் எடுத்தார். கொம்பு கிளையோடு சேர்த்து எடை மேடைச் சீட்டில் ஒரு டன் முன்னூறு கிலோ. வெட்டுக்கூலி, டிராக்டர் வாடகை போக மிஞ்சிய காசு இரண்டு மூடை உரத்துக்கு ஆனது. "சீட்டு இல்லாம எப்படி வே கொண்டு போவீரு?" என்று கேட்டேன். "அது எங்க பாடு அண்ணாச்சி, வெறகோட வெறகாப் போயிரும்" என்றார்.

விவசாயிகளே சிந்திப்பீர்! சொந்த மரத்தை முறையாகக் கொண்டு போகிறவனுக்குச் சீட்டு வேண்டும். விறகு என்று சொல்லிக் கொண்டு போகிறவனுக்கு எதுவும் வேண்டாம். இந்த முறை யாரைக் காப்பாற்றுகிறது? மரத்தையா? மரம் எரிந்துவிட்டதே!

மரம் யாருடையது?

இது இன்று நேற்று வந்த வியாதி இல்லை. ஒரு காலத்தில் செங்கோட்டை திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. அந்த சமஸ்தானத்தில் தேக்கு, ஈட்டி, கருங்காலி, சந்தனம் எல்லாம் ராஜ மரம். யார் நிலத்தில் முளைத்தாலும் ராஜாவுக்குச் சொந்தம். ராஜா போய்விட்டார். ராஜ மரம் என்கிற நினைப்பு மட்டும் அலுவலக நாற்காலியை விட்டுப் போகவில்லை.

சந்தனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நம்ம பட்டா நிலத்தில் முளைத்த சந்தனம் நம்முடையதுதான் என்று சட்டம் திருத்தப்பட்டது 2002ல்தான். சுதந்திரம் கிடைத்து 55 வருஷம் கழித்து! அதுவரை விவசாயி என்ன செய்தான்? வரப்பில் சந்தனக் கன்று தலைகாட்டினால் ராவோடு ராவாகப் பிடுங்கி எறிந்தான். வளர்த்தால் கேஸ் வரும், திருடன் வருவான், காசு வராது என்று அவனுக்குத் தெரியும். தடை போட்டு மரத்தைக் காப்பாற்றியதாக ஏட்டில் எழுதிக்கொண்டார்கள். தடையால் செத்த கன்றுகளை யார் எண்ணினார்கள்?

2008ல் வந்த விதிகளின்படி, பட்டா நிலத்துச் சந்தனத்தை வனத்துறைதான் வெட்டி எடுத்துக் கிடங்கில் ஏலம் விட வேண்டும். ஏலத்தொகையில் 80 சதவீதம் நிலத்துக்காரருக்கு. முன்பைவிட எவ்வளவோ மேல், மறுக்கவில்லை. ஆனால் வேரடிச் சந்தனத்தில் ஒரு சின்னக் கட்டை கிடைத்தால் அதைக் கடைந்து பிழைக்கும் ஏழைத் தொழிலாளி, பெரிய பெரிய வியாபாரிகள் வரும் ஏலத்தில் நின்று கூவ முடியுமா? முடியாது.

ஈட்டிக்கு 1994ல் தனிப் பாதுகாப்புச் சட்டம் போட்டார்கள். பட்டா நிலத்தில் நின்றாலும் அனுமதி இல்லாமல் கை வைக்கக் கூடாது என்றது அந்தச் சட்டம். மலைப்பகுதி கிராமங்களுக்கு 1955ம் வருஷத்து மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. மரத்தை நகர்த்த 1968ம் வருஷத்து மரப் போக்குவரத்து விதிகள் இருக்கின்றன. நம்மைக் கடத்தல்காரனாக நினைத்தே எழுதியது போல இருக்கிறது.

எந்த மரத்துக்கு அனுமதி வேண்டும், எதற்கு வேண்டாம் என்று ஒரு பலகையாவது நம்ம ஊரில் மாட்டியிருக்கிறார்களா? உரக்கடையில் விலைப்பலகை மாட்டச் சொல்கிறார்கள். ரேஷன் கடையில் இருப்புப் பலகை மாட்டச் சொல்கிறார்கள். மரத்துக்கு மட்டும் ஏன் ரகசியம்?

"அனுமதி கொடுத்தால் காடு அழியும்" என்கிறார்களே?

இந்தக் கேள்விக்கு ஒளிந்து ஓடாமல் பதில் சொல்வோம். காடு அழியக் கூடாது என்பதில் நம்மைவிட அக்கறை உள்ளவன் யார்? களக்காடு முண்டந்துறைக் காடு இல்லையென்றால் தாமிரபரணி இல்லை. தாமிரபரணி இல்லையென்றால் நம்ம கார் ஏது, பிசானம் ஏது? ஆகவே நமது சங்கம் தெளிவாகச் சொல்கிறது: காட்டு மரத்தில் ஒரு குச்சியும் கேட்கவில்லை. புறம்போக்கு மரமும் கேட்கவில்லை. நம்ம பட்டா நிலத்தில் நாம் வளர்த்ததற்கும், தானாக முளைத்து நாம் காத்ததற்கும் மட்டும்தான் வழி கேட்கிறோம்.

அனுமதி கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு வயநாட்டு முட்டிலைக் காட்டுவார்கள். அதையும் பார்ப்போம். 2020 அக்டோபரில் கேரள அரசு ஒரு உத்தரவு போட்டது. பட்டா நிலத்தில் விவசாயி வளர்த்த மரத்தை வெட்டலாம் என்பது அதன் நோக்கம். அதைச் சாக்கு வைத்து முட்டிலில் நூற்றுக்கு மேற்பட்ட பழைய ஈட்டி மரங்களைச் சாய்த்தார்கள். 2021 பிப்ரவரியில் உத்தரவு ரத்தானது. மரம் கொடுத்தவர்கள் யார்? ஆதிவாசிகளும் சின்ன விவசாயிகளும். "அரசே அனுமதி தந்துவிட்டது" என்று நம்பவைத்து அற்பக் காசு கொடுத்துத் தூக்கினார்கள். பிறகு நோட்டீஸ் வந்தது யார் வீட்டுக்கு? அதே ஏழைகள் வீட்டுக்கு!

முட்டில் நமக்குச் சொல்லும் பாடம் என்ன? அனுமதி கொடுப்பது தப்பு என்பதா? இல்லை. அளவு இல்லாமல், மரத்துக்கு மரம் பதிவு இல்லாமல், விலை தெரியாமல் கதவைத் திறந்தால் உள்ளே நுழைவது புரோக்கர் என்பதே பாடம். கதவைப் பூட்டினாலும் அவன்தான் சுவரேறிக் குதிக்கிறான். முறையாகத் திறந்து, வாசலில் நாமே நிற்க வேண்டும்.

பூட்டிய கதவின் பலனையும் பார்த்தோம். செம்மரத்துக்கு உலகம் முழுக்கக் கிராக்கி. 2015 ஏப்ரல் 7ஆம் தேதி ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் நம்ம தமிழ்நாட்டுக் கூலித் தொழிலாளிகள் 20 பேர் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். மரம் வெட்டக் கூலிக்குப் போனவர்கள். மரத்தை விற்று மாளிகை கட்டியவன் எவனாவது அந்தக் காட்டில் செத்தானா? மரத்தின் விலை முதலாளிக்கு, குண்டு கூலிக்காரனுக்கு. பட்டா நிலத்தில் செம்மரம் நட்ட விவசாயியோ, விற்க வழி தெரியாமல் மரத்துக்குக் காவல் இருக்கிறான்.

இப்போது கருங்காலி மாலைப் பைத்தியம் பிடித்து ஆட்டுகிறது. மணி மணியாகக் கடைந்து கோத்து விற்கிறார்கள். காசுக்கட்டி எடுக்கும் முள்மரத்துக்கும் கருங்காலி என்று பெயர். உள்ளே மையாகக் கறுத்த மரத்துக்கும் கருங்காலி என்று பெயர். வாங்குகிறவனுக்கு வித்தியாசம் தெரியாது. எந்த மரத்துக்கோ கறுப்புச் சாயம் ஏற்றியும் விற்கிறான். நாளைக்கு உங்கள் மேட்டுக்காட்டுக்கும் ஒருத்தன் வருவான், "கருங்காலி இருக்கா?" என்று கேட்டு. ராத்திரியோடு வெட்டிக்கொள்கிறேன் என்பான். விடாதீர்கள்! சங்கத்தில் கருங்காலி என்று யாரைச் சொல்வோம் என்பது உங்களுக்குத் தெரியும். அரிய மரத்தை ராத்திரியில் விற்கிற விவசாயியும் அந்தக் கணக்கில்தான் சேருவான். கோடாரிக்காம்பாக நாம் இருக்க வேண்டாம்.

நம்ம பக்கமும் தப்பு இருக்கிறது

அரசாங்கத்தை மட்டும் திட்டிவிட்டுப் போனால் அது நியாயம் இல்லை. என் மரம் கெட்டதற்குப் பாதிப் பழி அலுவலகத்துக்கு என்றால், மீதிப் பழி எனக்கு. சீட்டு வரும்வரை மரத்தை எப்படி வைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. கடைசல்காரரிடம் பிறகு உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

ஒன்று, அளக்கத் தெரிய வேண்டும். மரத்தின் நடுவில் டேப்பைச் சுற்றுங்கள். வரும் சுற்றளவை நாலால் வகுங்கள். வந்ததை அதே எண்ணால் பெருக்கி, நீள அடியால் பெருக்குங்கள். அதுதான் கன அடி. என் மரம் சுற்றளவு 5 அடி. நாலால் வகுத்தால் ஒன்னேகால். ஒன்னேகாலை ஒன்னேகாலால் பெருக்கி, 12 அடி நீளத்தால் பெருக்கினால் 18.75 கன அடி. இது வியாபாரக் கணக்கு. உருளையின் நிஜக் கணக்குப் போட்டால் ஏறத்தாழ 24 கன அடி வரும். அதாவது ஒழுங்காக அளந்தாலே நூற்றுக்கு இருபதுக்கு மேல் நாம் விட்டுக்கொடுக்கிறோம். அளக்காமல் கண்மதிப்பில் கொடுத்தால் எவ்வளவு போகும்? பட்டை, வெளி வெள்ளை கழிவு என்று அதற்கு மேலும் குறைக்க வந்தால் இந்தக் கணக்கைக் காட்டிப் பேசுங்கள்.

இரண்டு, முனையை அடைக்க வேண்டும். வெட்டிய மரத்தின் ஈரம் பக்கவாட்டில் மெதுவாகப் போகும், வெட்டிய முனை வழியாக வேகமாகப் போகும். அதனால்தான் முனை வெடிக்கிறது. வெட்டிய அன்றைக்கே இரண்டு முனையிலும் மெழுகோ, கெட்டியான பெயிண்டோ பூசிவிடுங்கள். மிச்சமான சுவர்ப் பெயிண்ட் போதும். ஒரு டப்பா பெயிண்ட் என் மரத்தைப் பாதி காப்பாற்றியிருக்கும்.

மூன்று, மண்ணில் போடக் கூடாது. கீழே கட்டை கொடுத்துத் தூக்கி வைத்து, நிழலில், காற்றோட்டமாக வையுங்கள். நடுப் புள்ளி வழியாக இரண்டாகப் பிளந்து வைத்தால் வெடிப்பு குறையும். பட்டைக்குள்தான் வண்டு முதலில் குடியேறும், அதனால் பட்டையை உரித்துவிடுங்கள். ஒரு அங்குலக் கனம் காய ஏறத்தாழ ஒரு வருஷம் என்பது கடைசல்காரர் கணக்கு. கிண்ணம், தட்டு கடைகிறவர்கள் பச்சை மரத்தையே கனமாகக் கடைந்து வைத்து, காய்ந்த பிறகு மறுபடி கடைந்து முடிப்பதும் உண்டு. ஆகவே பச்சை மரத்துக்கும் கிராக்கி இருக்கிறது.

நாலு, நாம் விறகு என்று கழிப்பதுதான் அவர்களுக்குத் தங்கம். கிளை பிரியும் கவட்டை, மரத்தில் புடைத்த முண்டு, தூர்க்கட்டை இவற்றில்தான் இழை சுருண்டு சுருண்டு அழகாக வரும். புரோக்கர் இதை "சும்மா அள்ளிக்கிடுதேன்" என்பார். சும்மா கொடுக்காதீர்கள்.

அஞ்சு, எல்லா மரத்தையும் அடியோடு வெட்ட வேண்டியதில்லை. சொப்புக்கும் மணிக்கும் கைத்தடிப் பூணுக்கும் கைப்பிடி தடிமன் கிளையே போதும். வெட்பாலையை வெட்டினால் அடியிலிருந்து மறுபடி தளிர்க்கும். கறிவேப்பிலைக் கொத்து ஒடிப்பது போல முறை வைத்துக் கழித்தால் அது வருஷா வருஷம் பயிர், ஒரு நாள் கொள்ளை அல்ல.

ஆறு, ஈட்டி, சந்தனம், செம்மரம், கருங்காலி என்று சந்தேகம் வந்தால் எழுத்தில் கேட்டுப் பதில் வாங்காமல் கை வைக்காதீர்கள். வாய் வார்த்தைக்கு வழக்கில் மதிப்பில்லை.

முடியாது என்பது பொய்!

"சட்டத்தை மாற்ற முடியாது" என்பார்கள். மூங்கிலைப் பாருங்கள். புல் வகையைச் சேர்ந்த மூங்கிலை மரம் என்று சட்டத்தில் எழுதி வைத்து, நம்ம கொல்லை மூங்கிலுக்கும் சீட்டு கேட்ட காலம் உண்டு. 2017ல் இந்திய வனச் சட்டத்தைத் திருத்தி, காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலை மரக் கணக்கிலிருந்து எடுத்தார்கள். முடிந்ததா இல்லையா?

ஈட்டிச் சாதி மரங்களை 2017 ஜனவரியில் சைட்டிஸ் என்னும் உலக ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டுப் பட்டியலில் ஏற்றினார்கள். சின்னக் கைவினைச் சாமானை ஏற்றுமதி செய்வதும் திண்டாட்டமானது. கைவினைத் தொழிலில் இருப்பவர்கள் ஓயாமல் கேட்டார்கள். 2022ல் பனாமா மாநாட்டில், ஒவ்வொரு சாமானும் 10 கிலோவுக்குள் இருந்தால் எத்தனை சாமானையும் ஒரே சரக்காக அனுப்பலாம் என்று தளர்வு கிடைத்தது. உலக ஒப்பந்தமே இறங்கி வருகிறது. உள்ளூர் மேஜை இறங்கி வராதா?

2023 டிசம்பரில் நாடு முழுமைக்கும் ஒரே போக்குவரத்துச் சீட்டு என்று மத்திய அரசு இணையவழி ஏற்பாட்டைத் தொடங்கியது. 2025 ஜூனில் விவசாய நிலத்து மரங்களை வெட்ட மாதிரி விதிகளை வெளியிட்டு, மாநிலங்களைப் பின்பற்றச் சொன்னது. மரங்களைப் படத்தோடு பதிந்து, அதன் வழியே அனுமதி பெறலாம் என்பது அதன் சாரம். வரவேற்கிறோம். ஆனால் அது நட்டு வளர்க்கும் தோப்பை மனதில் வைத்து எழுதியது. வரப்பில் காக்கா எச்சத்தில் முளைத்த மரத்துக்கு நட்ட தேதி எங்கே போய்க் கேட்பது? தாத்தா சுடுகாட்டுக்குப் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டதே! சின்ன விவசாயியின் மரம் பெரும்பாலும் இப்படித்தான் வந்தது. நமக்கும் சேர்த்து விதி எழுத வேண்டும் என்று கேட்பது நம்ம வேலை.

நமது கோரிக்கைகள்

1. ஒவ்வொரு பசலியிலும் பட்டா நிலத்து மரங்களைச் சாதி, சுற்றளவோடு அடங்கலில் ஏற்று! தானாக முளைத்த மரத்தையும் சேர்!

2. காற்றில் சாய்ந்த, பட்டுப்போன மரத்துக்கு மனு கொடுத்த 15 நாளில் பதில் சொல்! பதில் இல்லையென்றால் அனுமதி கிடைத்ததாக எடுத்துக்கொள்ள விதி செய்!

3. அனுமதி தேவைப்படும் மரம், தேவைப்படாத மரம் என்று பட்டியலைத் தமிழில் எழுதி ஒவ்வொரு கிராம நிர்வாக அலுவலகத்திலும் மாட்டு!

4. ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் நெல்லுக்கும் பருத்திக்கும் இடம் இருப்பதுபோல, பட்டா மரத்துக்கும் இடம் கொடு! கன அடி அளந்து, சின்னச் சின்னக் கட்டையாகப் பிரித்து, கடைசல் தொழிலாளிகள் நேரடியாக வாங்க வழி செய்!

5. சந்தன மரம் வெட்டும்போதும் எடை போடும்போதும் நிலத்துக்காரர் உடன் நிற்க உரிமை கொடு! ஏலப் பணத்தைக் கெடு வைத்துக் கொடு!

6. மஞ்சக்கடம்பு, வெட்பாலை, ஆச்சா கன்றுகளை நாற்றங்காலில் வளர்த்து விவசாயிகளுக்கு இலவசமாகக் கொடு! ஒன்று வெட்டினால் அஞ்சு நடுவோம் என்று நாங்களும் எழுதிக் கொடுக்கிறோம்!

7. காட்டு மரம் திருடினால் கூலிக்காரனோடு நிறுத்தாதே! வாங்கி விற்கும் முதலாளியைப் பிடி!

அருமை விவசாயிகளே!

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். மரமும் அப்படித்தான். நின்றால் நிழல், காற்று, குருவிக்குக் கூடு. சாய்ந்தால் ஒரு தொழிலாளி வீட்டில் அடுப்பு எரிய வேண்டும், நம்ம பிள்ளைக்குப் பள்ளிக்கூடப் பீஸ் கட்ட வேண்டும். சூளையில் சாம்பலாவதற்கா அதை வளர்த்தோம்?

இந்த மாதம் கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்கு எல்லாரும் வாருங்கள். வெறுங்கையோடு வராதீர்கள். உங்கள் நிலத்தில் என்னென்ன மரம், எத்தனை, சுற்றளவு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி வாருங்கள். எழுதத் தெரியாதவர்கள் சங்க அலுவலகத்துக்கு வாருங்கள், நம்ம பையன்கள் டேப்போடு வயக்காட்டுக்கே வந்து அளந்து எழுதித் தருவார்கள். அத்தனை தாளையும் மேஜையில் அடுக்கி வைப்போம். "அடங்கலில் இல்லை" என்று சொல்கிறவர்கள் அதைப் பார்க்கட்டும்! கடைசல் தொழிலாளிகளையும் அழைத்திருக்கிறோம். அவர்களும் நம்மோடு தரையில் உட்காருவார்கள். அவர்கள் வயிறும் நம்ம வயிறும் ஒரே மரத்தைத்தான் நம்பியிருக்கிறது.

அதுவரை ஒரே ஒரு வேண்டுகோள். புரோக்கர் வந்தால் மரத்தைக் கொடுப்பதற்கு முன்னால் டேப்பை எடுங்கள். அளக்காமல் ஒரு கிளையும் வாசல் தாண்டக் கூடாது!

வரப்பு மரம் எங்கள் மரம்!
விறகு விலைக்கு விற்க மாட்டோம்!
காட்டைத் தொட மாட்டோம்! உரிமையை விட மாட்டோம்!
அணி திரள்வோம்! வெற்றி பெறுவோம்!

இப்படிக்கு,
செயலாளர்,
விவசாயிகள் சங்கம்